ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு உச்சிப்புளி பக்கம். ராமேஸ்வரம் போகிற வழி என்பதால் சொந்தக்காரர்கள், அவர்களுடைய ஆபீஸ் நண்பர்கள், அந்த நண்பர்களின் மாமியார் வீட்டார் என்று லீவு வந்தால் யாராவது போன் போட்டு விடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே போட்டு வைத்திருக்கிறேன். மேலே இருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வருகிற பல பதில்கள் முதல் மூன்று பதில்களை நம்பித்தான் இருக்கின்றன.

ராமேஸ்வரம்னா கோயில்தானே? நாலு நாள் பீச் பாக்க வர்ற அளவுக்கு அங்க என்ன இருக்கு?

கோயில் இருக்கிறது, அது தனிப் பெருமை. ஆனால் ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதையே பாதிப் பேர் மறந்து விடுகிறார்கள். காலையில் தீர்த்தமாடி, மத்தியானம் தனுஷ்கோடியில் போட்டோ எடுத்து, சாயங்காலம் மதுரைக்கு வண்டி ஏறி விடுகிறார்கள். அப்படி வந்து போனவர்கள்தான் "வெயில் தாங்கலப்பா, ஒண்ணும் பாக்கல" என்று சொல்கிறார்கள்.

பாம்பன் பாலம், தனுஷ்கோடி, குந்துகால், அரியமான், மன்னார் வளைகுடாத் தீவுகள், காரங்காட்டு அலையாத்திக் காடு, கடலுக்குள் நவபாஷாணம் இருக்கிற தேவிபட்டினம், சங்கு குளித்தவர்களின் ஊரான கீழக்கரை, பனிக்காலத்தில் வந்து இறங்கும் பூநாரை என்று ஒரு நாளுக்கு ஒன்றாகப் பார்த்தாலும் நாலு நாள் பத்தாது.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பறவைகளும் இருக்கும். எங்களுக்கு மழை என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்வதுதான், புயலும் அப்போதுதான் வரும். ஏப்ரல், மே வெயில் கடுமை. ஆனால் பள்ளி லீவு அப்போதுதான் என்றால் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நுங்கும் பதநீரும் கிடைக்கிற காலம், விடியற்காலையிலும் நாலு மணிக்கு மேலும் சுற்றினால் சமாளித்து விடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பேய்த்தனமாக அடிக்கும், தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும், பைக்கில் போகிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளவும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மஹாளய அமாவாசை இந்த மூன்று நாளையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தர்ப்பணம் கொடுக்க வருகிறீர்கள் என்றால் அதுதான் நாள். சுற்றிப் பார்க்க வருகிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளி வாருங்கள். ரூமும் கிடைக்காது, ரோட்டில் வண்டியும் நகராது.

வடகடல், தென்கடல்னு பேசுறீங்களே, அது எங்களுக்கு எதுக்கு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் குணம் வேறு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் சீறிக்கொண்டிருக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அக்டோபருக்கு மேல் வாடை திரும்பியதும் வடகடல் கலங்கிப் புரளும், தென்கடல் அடங்கி விடும்.

அதனால் "எந்த பீச் நல்லா இருக்கும்" என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது "எந்த மாசம் வர்றீங்க" என்றுதான். ஜூலையில் படகில் போக வேண்டும், குழந்தைகளைக் கடலில் இறக்க வேண்டும் என்றால் வடக்குப் பக்கம் பாருங்கள். டிசம்பர் கடைசியில் என்றால் தெற்குப் பக்கம். சந்தேகமாக இருந்தால் கரையில் நிற்கிற மீனவர் யாரையாவது "இன்னிக்கு எந்தக் கடல்ணே நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். நிச்சயம் சொல்வார், அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

எங்க தங்குறது? எத்தனை நாள் வேணும்?

குறைந்தது மூன்று ராத்திரி. கோயிலும் தனுஷ்கோடியும் மட்டும் என்றால் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே தங்கலாம், விடியற்காலை நடந்தே அக்னி தீர்த்தம் போய் விடலாம். கடற்கரையும் சுற்றுவட்டாரமும் வேண்டும் என்றால் இரண்டு ராத்திரி தீவில், ஒரு ராத்திரி மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, தினமும் இந்தத் தூரம் போய்வந்தால் குழந்தைகள் சோர்ந்து போவார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை.

பாம்பன் பாலத்துல ரயில்ல போறது நல்லதா, கார்ல போறதா?

இரண்டுமே. காரில் வருகிறவர்கள் இந்திரா காந்தி சாலைப் பாலத்தில், அதாவது 1988-ல் திறந்த பாலத்தில் வருவார்கள். உயரத்தில் இருப்பதால் ரயில் பாலமும், இரண்டு பக்கக் கடலும், பாம்பன் ஊர்ப் படகுகளும் கீழே விரிந்து தெரியும். ஆனால் நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்காதீர்கள். பின்னால் பஸ், லாரி எல்லாம் தேங்கும், காற்று வேறு ஆளைத் தள்ளும். பாலம் முடிந்ததும் இறங்கி நடந்து வந்து பாருங்கள்.

பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்தது, 145 கண், கப்பல் வந்தால் இரண்டு கையாக விரிந்து தூக்கியது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி ராமநவமியன்று திறந்தது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். ஒரு தடவையாவது ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ பகல் ரயிலைப் பிடித்து ராமேஸ்வரம் வாருங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கீழே தரையே தெரியாது, தண்ணீர்தான். இரவு ரயிலில் வந்து தூங்கிக்கொண்டே பாலத்தைத் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது.

தனுஷ்கோடிக்கு எத்தனை மணிக்குப் போகணும்? எப்படிப் போறது?

காலை ஆறரை ஏழுக்குள் ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பி விடுங்கள். ராத்திரியில் உள்ளே விடுவதில்லை. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் செக்போஸ்டில் உள்ளே போகிற வண்டிகளை நிறுத்த ஆரம்பிப்பார்கள், இருட்டுவதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். கடல் பொங்கியிருந்தால் நேரம் இன்னும் குறையும். பத்து மணிக்கு மேல் போனால் நிழல் என்று ஒன்று கிடையாது, ரோடு முடிகிற அரிச்சல்முனையில் வண்டி நிறுத்தவும் இடம் தேட வேண்டும்.

முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்து விடும், அதற்கு மேல் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு வேனில்தான் போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. சொந்தக் கார், பைக், ஆட்டோ எதிலும் போகலாம். அரசு டவுன் பஸ்ஸும் ராமேஸ்வரத்திலிருந்து போகிறது, செலவு கம்மி, ஆனால் வழியில் இறங்கிப் பார்க்க முடியாது. ஆட்டோ பேசுகிறவர்கள் கோதண்டராமர் கோயில், இடிந்த ஊர், அரிச்சல்முனை மூன்று இடத்திலும் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

அங்க பாக்க என்ன இருக்கு, இடிஞ்ச சுவருதானே?

அந்தச் சுவர் எதனால் இடிந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். தனுஷ்கோடி 1964 வரை சுறுசுறுப்பான துறைமுக ஊர். சென்னையிலிருந்து வருகிற போட் மெயிலில் இறங்கி, இங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்குப் போவார்கள். ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு கடல் ஏறி ஊரை அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை எட்டுவதற்குள் அலையில் போனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் யாரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கம் இதை மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது.

சர்ச் சுவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள், செங்கல் இல்லை, பவளக்கல். கல்லுக்குள் தேன்கூடு போல சின்னச் சின்னக் கண், அதில் உப்புக்காற்று அரித்து அரித்து ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள், பேர் எழுதாதீர்கள். சுவரும் தாங்காது, அது செத்தவர்கள் வாழ்ந்த இடமும் கூட.

சுற்றி ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்திருப்பார்கள். கொட்டாங்குச்சியால் மொண்டு கொடுத்தால் வாங்கிக் குடித்துப் பாருங்கள், துளி உப்பு இருக்காது. காலையில் போனால் சில நாள் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் பின்னால் நகர்ந்து வருவார்கள், வலை கரைக்கு வருவதற்குள் காக்காயும் பருந்தும் வந்து விடும்.

கோதண்டராமர் கோயில் வழியில் இருக்கிறது, விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த இடம் என்று நம்பிக்கை. 64 புயலில் தப்பியது. பனிக்காலத்தில் அந்தக் கோயிலைச் சுற்றிய தண்ணீரில்தான் பூநாரைகள் இறங்கும். இந்தப் பகுதியை 2025-ல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பக்கத்தில் போய்க் கைதட்டிப் பறக்க விடாதீர்கள், அவ்வளவு தூரம் பறந்து வந்தது இரை தின்னத்தான்.

அரிச்சல்முனையில குளிக்கலாமா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!

கூடாது. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இடப்பக்கம் அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும் வலப்பக்கம் அலையடிப்பதை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள், இரண்டும் முனையில் சந்திக்கின்றன. தண்ணீருக்கு அடியில் நீரோட்டம் பலமாக இருக்கும், மணல் காலுக்குக் கீழேயே சரியும், இரண்டு எட்டில் ஆழம் வந்து விடும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். போலீஸ் விசில் ஊதினால் கோபப்படாமல் வெளியே வாருங்கள்.

அங்கருந்து இலங்கை தெரியுமா? ராமர் பாலத்துல நடக்க விடுவாங்களா?

தெரியாது. தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் தட்டையான கரை என்பதால் கண்ணுக்கு எட்டாது. போனில் மட்டும் சில சமயம் இலங்கை டவர் எடுத்து "இலங்கைக்கு நல்வரவு" என்று மெசேஜ் வரும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

ராமர் சேது என்பது அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை விட்டு விட்டு இருக்கும் மணல் திட்டு வரிசை. நடுவில் சர்வதேசக் கடல் எல்லை போகிறது, கடற்படையும் கடலோரக் காவல்படையும் ரோந்து சுற்றுகின்றன. "படகுல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்று யாராவது தனியாகப் பேசினால் நகர்ந்து விடுங்கள்.

அப்ப பிள்ளைங்கள எங்கதான் குளிக்க விடுறது?

அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வடகடல், அதனால் கச்சான் காலத்தில் அலையே இருக்காது, வெகுதூரம் வரை இடுப்பளவுதான் தண்ணீர். சவுக்குத் தோப்பு நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான், அமைதி வேண்டும் என்றால் வாரநாளில் வாருங்கள். வாடைக் காலத்தில் இதே இடம் கலங்கலாகவும் பாசி ஒதுங்கியும் இருக்கும். மேலே சொன்ன வடகடல் தென்கடல் கணக்கு இங்கேயும் உண்டு.

கடலில் இறங்கும்போது காலை மணலில் தேய்த்துத் தேய்த்து வையுங்கள், ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும், சத்தம் கேட்டால் ஓடி விடும். ஜெல்லிமீனை இங்கே சொறி என்போம். அது பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் விடுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. 22 தீர்த்தமும் ஆட முடியுமா?

முடியும், கூட்டம் இல்லாத நாளாக இருந்தால். முதலில் அக்னி தீர்த்தத்தில், அதாவது கோயிலுக்குக் கிழக்கே கடலில் முங்கி விட்டு, ஈரத்தோடு உள்ளே போய் வரிசையாக 22 இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. கிணற்றுத் திட்டின் மேல் நிற்கிற ஆள் கயிறு கட்டிய சின்ன வாளியை விட்டு ஒரே சுண்டில் மொண்டு தலையில் ஊற்றுவார். ஒவ்வொரு கிணற்றிலும் ருசி மாறும், உதட்டில் படும்போதே தெரியும். கல் தரை முழுக்க ஈரம், வழுக்கும், அம்மாவை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போக வேண்டும். முடியாது என்றால் கடைசியில் இருக்கிற கோடி தீர்த்தம் ஒன்றை மட்டும் தெளித்துக்கொண்டாலும் போதும் என்று பெரியவர்களே சொல்வார்கள்.

ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். செல்போன் உள்ளே கூடாது, ரூமிலேயே வைத்து விடுங்கள். பகல் ஒரு மணி வாக்கில் நடை சாத்தி மூன்று மணிக்குத் திறப்பார்கள். தரிசனம் முடிந்ததும் ஓடாமல் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று சுற்றுங்கள், 1,212 தூண். வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் அங்கே கல் குளுமையாகத்தான் இருக்கும்.

தீவுக்கெல்லாம் போட்டுல கூட்டிட்டுப் போவாங்களாமே, உண்மையா?

பாதி உண்மை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கடலில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். அதனால் நினைத்த தீவில் இறங்க முடியாது, வனத்துறை அனுமதிக்கிற இடத்துக்கு வனத்துறை ஏற்பாட்டில் மட்டும்தான். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கமும், ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கடலுக்குள் இருக்கும் மணல் திட்டுப் பக்கமும் படகு விடுகிறார்கள். இரண்டும் தென்கடல், ஆகவே காற்றுக் காலத்தில் அடிக்கடி நிறுத்தி விடுவார்கள். முதல் நாளே விசாரித்து விட்டுப் போங்கள்.

குருசடை சின்னத் தீவுதான், ஆனால் விலங்கியல் படித்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவைக்கும் நடுவில் வைத்துப் பேசப்படும் பலனோகிளாசஸ் என்கிற புழு அங்கே வாழ்கிறது. சுற்றிலும் பவளப்பாறை, கடல்புல். 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப் போய்ப் பெரிய சேதம், அதிலிருந்து இன்னும் தேறிக்கொண்டிருக்கிற இடம். பவளத்தை மிதிக்காதீர்கள், கைப்பிடி அளவு வளர வருடக்கணக்கில் ஆகும்.

படகு இல்லாத நாளிலும் குந்துகால் போகலாம். விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார், இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது.

தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, ஏர்வாடி, கீழக்கரை எல்லாம் ஒரே நாள்ல முடியுமா?

முடியும், கார் இருந்தால். ராமநாதபுரத்தில் தங்கியிருந்தால் இன்னும் சுலபம். விடிந்ததும் தேவிபட்டினம், 15 கிலோமீட்டர். கடலுக்குள் ஒன்பது கல், ராமர் நவக்கிரக பூஜை செய்தது என்று ஐதீகம். அங்கிருந்து திரும்பி உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது மட்டும் காப்பைக் களைவார்கள். அந்த நாளில் ஊர் கொள்ளாது. அப்புறம் திருப்புல்லாணி, ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிற திவ்ய தேசம், பக்கத்திலேயே சேதுக்கரை. கோயில்கள் மத்தியானம் நடை சாத்தும் என்பதால் இந்த மூன்றையும் பன்னிரண்டுக்குள் முடிக்கப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தாலும் கோயில் மண்டபம் போலக் கல் தூண் நிற்கும், நம் கல்தச்சர் கை. தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் திரும்பாதீர்கள், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து நெய் கசிகிற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஏர்வாடி தர்கா. மனநோயாளிகளை நேர்ச்சைக்காக அழைத்து வரும் இடம் அது, அங்கே யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம்.

கூட்டமே இல்லாத ஒரு இடம் சொல்லுங்க.

காரங்காடு. தேவிபட்டினத்தைத் தாண்டி வடக்கே, தொண்டிக்கு முன்னால். அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் துடுப்புப் படகிலும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கூட்டிப் போகிறார்கள். சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் நண்டு ஓடும், மேலே கொக்கும் நாரையும். அதிகாலையில் போனால் மட்டுமே முழுசாகக் கிடைக்கும். ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு சமைத்துத் தருவதும் உண்டு, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பறவைக்காக வருகிறவர்களுக்குச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். நாலும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கும் கண்மாய்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருடம்தான் பறவை, காய்ந்த வருடம் போனால் வெறும் கருவேலம்தான்.

மீன் எங்க நல்லா கிடைக்கும்? கோயில் பக்கம் சைவம் மட்டும்தானே?

கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம். மீனுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், இல்லையென்றால் தனுஷ்கோடி ஓலைக் கடைகள். அங்கே மீனைக் காட்டி நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். விலையை வறுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். மசாலாவில் நம்ம ஊர் குண்டு மிளகாய் இருக்கும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, காரம் மெதுவாகத்தான் ஏறும். குழந்தைகளுக்குத் தனியாகச் சொல்லி விடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகு மீன் வரும், கொஞ்சமாக வரும், விலை கூட இருக்கும், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்தது.

சங்கு, பவளம், மிதக்கிற கல்லு எல்லாம் வாங்கலாமா?

சங்கு வளையல், சங்கு, பனை ஓலைப் பெட்டி, கருப்பட்டி தாராளமாக வாங்குங்கள். பவளம் வேண்டவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது, செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வைத்திருப்பதே குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை, சில வகைச் சிப்பிகளும் அப்படித்தான். "யாரு செக் பண்ணப் போறாங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் ரயில்வே ஸ்டேஷனில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

ஊரில் சில கோயில்களில் தொட்டியில் கல் மிதப்பதைக் காட்டுவார்கள், கும்பிட்டு விட்டு வாருங்கள். உள்ளே நிறையக் காற்றறைகள் இருக்கிற கல் மிதக்கும். விலைக்குக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள், அது பவளக்கல்லாக இருந்தால் மேலே சொன்ன சட்டம்தான்.

கச்சத்தீவுக்குப் போகலாமா? ராமேஸ்வரத்துலருந்து இலங்கைக்குக் கப்பல் உண்டா?

கச்சத்தீவு 1974 ஒப்பந்தப்படி இலங்கையிடம் போனது. வருடத்துக்கு ஒரு முறை, மாசி பங்குனி வாக்கில் வரும் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே பெயர் பதிந்தவர்கள் ராமேஸ்வரத்திலிருந்து படகில் போகிறார்கள். சுற்றுலாவாகப் போக வழி இல்லை. இலங்கைக்குக் கப்பலும் இங்கிருந்து இல்லை, 2023-ல் தொடங்கியது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு.

டிரோன் கொண்டு வரலாமா?

அனுமதி இல்லாமல் பறக்க விடாதீர்கள். எல்லைக் கடல், உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம், பாம்பனில் ரயில் பாலம். பிடித்தால் டிரோனும் போகும், உங்கள் நாளும் ஸ்டேஷனில் போகும்.

வந்து இறங்கின அன்னிக்கே புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா?

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் முதலில் தனுஷ்கோடி ரோட்டை மூடுவார்கள், படகு எல்லாம் நின்று விடும். பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி விடுவார்கள், ஆகவே திரும்பும் ரயிலை நம்பி மறுநாள் விமானம் போடாதீர்கள். ஒன்றாம் எண், இரண்டாம் எண் கூண்டு என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது, ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை, கடல் பக்கம் போகாமல் இருந்தால் போதும். எண் ஏறினால் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்துக்கு வந்து விடுங்கள்.

அந்த நாளை உள்ளே பார்க்கிற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீவிலேயே இருந்தால் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், பள்ளிவாசல் தெருவில் அவர் வீடு. ராமநாதபுரம் வந்துவிட்டால் அரண்மனையில் ராமலிங்க விலாசம். சேதுபதிகள் காலத்து ஓவியம் சுவரிலிருந்து கூரை வரை இருக்கிறது, போர், பூஜை, அந்தப்புரம், ராமாயணம் எல்லாம். பொறுமையாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகும். மழை விட்டதும் மீனவரிடம் எந்தக் கடல் முதலில் அடங்கும் என்று கேட்டு, அந்தப் பக்கமாகக் கிளம்புங்கள்.